கரை நாடா போடும் பக்கம்

வீட்டுக்குள் நுழையும்போது குடையை எங்கே வைக்க வேண்டும் என்று உங்கள் பயிற்சியில் எவரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். தெருவாசலில், வருவோர் போவோர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். காஞ்சிபுரத்து நெசவுத் தெருக்களில் எனக்கு முன் இப்பணியைச் செய்த அம்மையார் ஒருவர் விட்டுச் சென்ற நெறி அது. நாம் எந்த வீட்டில் இருக்கிறோம் என்பது தெருவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பார் அவர். அதனோடு இன்னும் இரண்டைச் சேர்த்துச் சொன்னார். அவ்வீட்டாரின் வேலையில் ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகே வாய் திறக்க வேண்டும். வீட்டுத் தலைவர் அறியாமல் அங்கே எவரோடும் இறைவேண்டல் செய்தல் ஆகாது.

மறைப்பணிக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கையரே, வீடுகளில் நற்செய்தியைப் பகிர்வது எப்படி என்று என்னைக் கேட்டீர்கள். அதற்குரிய முறைகளை உங்கள் ஆசிரியர்கள் என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். நான் ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்களுக்கு ஊக்கமூட்டும் என்று எண்ணி இதைச் சொல்லவில்லை. இப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரக்கூடும். அன்று உங்களுக்குத் துணையாக ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

அறுபதுகளின் பிற்பகுதி அது. பிள்ளையார்பாளையத்தை ஒட்டிய ஒரு தெருவில் தாமோதரன் என்னும் நெசவாளரின் வீடு இருந்தது. கூடத்தில் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருக்கும். எஞ்சிய பாதியில் குடும்பம் வாழும். அவர் மனைவி ரங்கநாயகி. அவர்களுக்கு அலமேலு என்று ஒரு மகள். அவளுக்கு இளையவனாக ஒரு மகன். தாமோதரனின் தமக்கை பங்கஜம் கணவரை இழந்து அடுத்த வீட்டில் குடியிருந்தார். பெருமாளை நாள்தோறும் சேவிக்கும் குடும்பம்.

நான் முதன்முதலில் வாசலில் நின்று, வந்த நோக்கத்தைச் சொன்னபோது, ரங்கநாயகி தறியிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

"கத சொல்ல வந்தீங்களா, வேல செய்ய வந்தீங்களா? வேலைன்னா உள்ள வாங்க" என்றார்.

போனேன். பட்டுப் புடவையில் உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக அமையும்போது அதனை ஒருவரே நெய்துவிட முடியாது. நெய்பவர் குறுக்கிழையைச் சுமந்து ஓடும் நாடாவை உடலுக்கென ஓட்ட, மற்றொருவர் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்குரிய நாடாவைப் போட்டுத் திருப்ப வேண்டும். இரு நிற இழைகளும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் அந்த இணைப்பைக் கோர்வை என்பார்கள். பக்கத்தில் ஆள் இல்லையானால் தறி நின்றுவிடும். அந்தப் பக்கம் ரங்கநாயகியின் இடம். அவர் உலை வைக்க எழும் பொழுதுகளில் அங்கே உட்கார நான் கற்றுக்கொண்டேன். என் கை மிக மெதுவாக ஓடும். "அம்மா ஒக்காந்தா, பொடவ முடியறதுக்குள்ள அந்தக் கல்யாணப் பொண்ணுக்குக் கொழந்தையே பொறந்துடும்" என்பார் தாமோதரன். அவர் மனைவியோடு இறைவேண்டல் செய்யலாமா என்று அவரையே கேட்டேன். "வேண்டிக்கோங்கம்மா. தறி நிக்காம இருந்தா சரி" என்றார். பங்கஜத்துக்கு மட்டும் என் வரவு பிடிக்கவில்லை. "கொட வாசல்ல நிக்குது. இன்னிக்கும் மழ இல்ல" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டு போவார்.

ஒரு கோடையில் அந்தச் சிறுவனுக்குக் காய்ச்சல் கண்டது. நான் நாள்தோறும் போனேன், வேண்டினேன், பிள்ளை பிழைக்கவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள், அவன் தெய்வக் குழந்தை, கடன் தீர்ந்தது போய்விட்டான், நல்ல இடத்தில் இருப்பான் என்றெல்லாம் சொன்னார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. ஊடை நூல் சுற்றும் இராட்டை அருகில் கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மாதத்துக்குப் பின் ரங்கநாயகி என்னைக் கேட்டார், அவனுக்காக உங்கள் ஆண்டவரிடம் கேட்டீர்களா என்று. கேட்டேன் என்றேன். தரவில்லையே என்றார். ஆம், தரவில்லை என்றேன்.

"நீங்க ஒருத்தர் தாம்மா எங்கிட்டப் பொய் சொல்லல" என்றார். "பொய் சொல்லாதவங்க கும்பிடற சாமி எப்பிடி இருக்கும்னு பாக்கணும். இன்னிக்கு அந்தக் கதையச் சொல்லுங்க."

அவர் இயேசுவிடம் வந்தது அந்த வழியாக. என் பாட்டாலோ பேச்சாலோ வரவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வந்த பின் அவரிடம் கண்ட மாறுதலையும் சொல்ல வேண்டும். தெருக்குழாயில் பங்கஜத்தோடு அவர் நடத்திய போர்கள் அத்தெருவில் பெயர் பெற்றவை. இப்போது பங்கஜத்தின் குடத்தை முதலில் நிரப்பி வைத்துவிட்டுத் தம் குடத்தைக் குழாயடியில் வைத்தார். "முன்னல்லாம் இவ சண்ட போட்டா தெருவே கேக்கும். இப்ப எனக்குப் பொழுதே போவல" என்று தாமோதரன் குறைபட்டுக்கொண்டார். நெய்யும்போது, ஒவ்வொரு முறை கரை நாடாவைப் போடும்போதும் ரங்கநாயகியின் உதடு அசையும். ஏதோ முணுமுணுக்கிறார் என்று தெரியும். தறியோசையில் அது எனக்குக் கேட்டதில்லை. என்ன என்று நானும் வினவியதில்லை. ஒருவர் தம் ஆண்டவரோடு பேசுவதை இடையில் புகுந்து கேட்பது முறையன்று என்று எண்ணினேன்.

திருமுழுக்குப் பெற அவர் விரும்பினார். தாமோதரன் மறுக்கவில்லை, ஒரு வேண்டுகோள் மட்டும் வைத்தார். அலமேலுவின் திருமணம் முடியட்டும். தாய் வேறு மதத்தில் சேர்ந்துவிட்டாள் என்றால் எந்த வீட்டிலும் பெண்ணெடுக்க மாட்டார்கள். எங்கள் போதகரும் அதனை ஏற்றுக்கொண்டார். செவிலிமேட்டில் நல்ல இடம் அமைந்தது, தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள், தை மாதத்தில் மணம் என்று முடிவாயிற்று. மகளுக்கான கூறைப் புடவைக்குத் தாமோதரன் தாமே தறியில் பாவு நூல் ஏற்றினார். அரக்கு நிற உடல், பச்சைக் கரை. கணவரும் மனைவியும் அதனை நெய்யத் தொடங்கிய நாளில் நானும் அங்கிருந்தேன். அன்று அவ்வீட்டில் இருந்த மகிழ்ச்சியை நினைத்துக்கொள்ளவே எனக்கு இன்று துணிவில்லை.

புடவை பாதி வளர்ந்திருந்தபோது ரங்கநாயகியின் வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்தது. சென்னையில் காட்டினார்கள். காலம் கடந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தறி நின்றது.

இனி நான் சொல்லப்போவது, அவர் படுக்கையில் கிடந்த ஒரு பிற்பகலைப் பற்றி. திருமணத்தை முன்னதாகவே நடத்திவிடலாமா என்று பேச மாப்பிள்ளையின் தாய் வந்து கூடத்தில், தறியின் அருகில், உட்கார்ந்திருந்தார். வாசலில் என் குடை இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் உள்ளே வந்திருக்க வேண்டும். உள்ளறையில் ரங்கநாயகியின் தலைமாட்டில் நான், கால்மாட்டில் தாமோதரன், கதவோரம் அலமேலு. இறக்கும் தறுவாயில் போதகர் இல்லாதபோது, நம்பிக்கையுள்ள எவரும் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்பது நீங்கள் அறிந்ததே. போதகரும் அதனை முன்பே என்னிடம் நினைவூட்டியிருந்தார். அருகில் ஒரு செம்பில் குடிநீர் இருந்தது. ரங்கநாயகி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தண்ணிய எனக்கு ஊத்துவீங்களாம்மா?" என்றார்.

ஊற்றுவேன் என்றேன்.

"ஊத்துனா என்னை எரிக்க மாட்டாங்க இல்ல? உங்க ஆளுங்க கல்லறத் தோட்டத்துல பொதச்சு வெப்பாங்க. அலமேலு என்னைக்காவது வந்து பாக்கலாம்."

அக்குடும்பத்தில் இறந்தோரை எரிப்பதே வழக்கம். மகனையும் பாலாற்றங்கரையில்தான் எரித்தார்கள். ஒரு தாய் போய் உட்கார்ந்து அழ அவனுக்கு ஓரிடம் இல்லை. இதை அவர் எத்தனை முறை எண்ணியிருப்பாரோ. நான் தாமோதரனைப் பார்த்தேன். "நான் தடுக்கலம்மா. ஆனா வெளிய ஒக்காந்துக்கினு இருக்காங்க" என்று தணிந்த குரலில் சொன்னார். ரங்கநாயகி என்னைக் கேட்டார்:

"யாருக்கும் தெரியாம ஊத்த முடியுமா?"

தங்கையரே, இங்கே சற்று நில்லுங்கள். தெரியாமல் ஊற்ற முடியும். ஒரு கை நீர் போதும். அந்த அறைக்குள் இருந்த எங்களோடு நின்றிருக்கும். இறக்கும் ஒருவரின் ஒரே விருப்பம் அது. ஆனால் அவர் என்னிடம் கேட்டது நீரைப் பற்றி மட்டுமன்று என்று எனக்குப் பட்டது. நாளை எவரேனும் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்றே கேட்டார். நான் பொய் சொல்லாதவள் என்பதை வைத்துத்தான் அவர் என் ஆண்டவரை நம்பினார். அவர் கண்ணெதிரே அதை எப்படி மாற்றுவேன்?

"ஊற்றுகிறேன். நானாக யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டால், இல்லை என்று சொல்ல என்னால் முடியாது" என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். அலமேலு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் சம்பந்தியம்மாள் வெற்றிலை மடிக்கும் அரவம் கேட்டது.

"அப்ப வேணாம்மா" என்றார் ரங்கநாயகி. "நான் அவரு ஆளுன்னு அவருக்குத் தெரியும் இல்ல? அது போதும். எனக்குக் குடிக்கக் குடுங்க."

செம்பைச் சாய்த்து அவர் வாயில் நீரை ஊற்றினேன். பாதி கழுத்தில் வழிந்தது. அலமேலு முந்தானையால் துடைத்தாள். அந்த வாரமே அவர் இறந்தார். மணத்தை முன்னதாக நடத்த இயலாமற் போயிற்று. தீட்டுக் கழிந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று செவிலிமேட்டார் பெருந்தன்மையோடு சொல்லியிருந்தார்கள்.

சாவு நாளன்று குடையை வழக்கம் போல் வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். போகாமல் இருந்திருக்கலாமே என்று பின்னாளில் சிலர் சொன்னார்கள். நோயில் வந்தவள் சாவில் வராமல் இருந்தால் அதுவும் ஒருவகை ஒளிவுதான் என்று நான் கருதினேன். ஆண்கள் உடலை எடுத்துக்கொண்டு பாலாற்றங்கரைக்குப் போனார்கள். பெண்கள் அங்கே போவதில்லை. வீட்டைக் கழுவிவிட்டு ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளையின் தாயும் அங்கே இருந்தார். பங்கஜம் அழுது அழுது குரல் கம்மிப்போய், சட்டென்று என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் இருந்தது பகை மட்டுமன்று. தம் குடத்தை முன்னதாக நிரப்பி வைத்தவளை அவர் அன்று இழந்திருந்தார்.

"வருசக்கணக்கா வந்து அவகிட்ட ஏதோ ஓதிக்கினே இருந்தியே. அங்க என் தம்பி கொள்ளி வெச்சுக்கினு இருக்கான். இப்பவாவது சொல்லு. அவ எங்க ஆளா, உங்க ஆளா?"

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ரங்கநாயகி படுக்கையில் கிடந்தபோது அஞ்சியது இந்த நொடிக்குத்தான். இதைத் தவிர்க்கவே அவர் நீரையும் நிலத்தையும் வேண்டாமென்று விட்டார். உங்கள் ஆள்தான் என்று ஒரு சொல் சொன்னால் அலமேலுவுக்கு மணம் நடக்கும். இறந்தவரின் விருப்பமும் அதுவே. எங்கள் ஆள் என்று சொன்னால் அவர் மகளுக்காக விட்டுக்கொடுத்ததை நான் அவர் சாம்பல் ஆறும் முன்னே பறித்தவள் ஆவேன். பொய் சொல்லவும் வாய் எழவில்லை. மெய்யோ எனக்கு உரியதாக இல்லை.

"அத அவங்க வெளிய சொல்லல. அவங்க சொல்லாதத நான் சொல்லக் கூடாதும்மா" என்றேன்.

அதைவிட நல்ல விடை ஒன்று இருந்திருக்கலாம். இத்தனை ஆண்டுகளாகத் தேடியும் எனக்கு அகப்படவில்லை. நான் சொல்லி முடித்ததுமே மாப்பிள்ளையின் தாய்க்கு விளங்கிவிட்டது. அவர் முகத்தில் அது தெரிந்தது. அப்படியும் அவர் எதுவும் கேட்கவில்லை. கேளாமலே விட்டிருப்பார் என்றுகூட எனக்கு ஒரு நினைப்பு உண்டு. பேசியவள் அலமேலு. மூலையில் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்த பெண், தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"எங்கம்மா ஏசுவத்தான் கும்பிட்டாங்க. எனக்காகத்தான் வெளிய சொல்லாம போயிட்டாங்க. அவங்கள மறைச்சு வெச்சுட்டு எனக்கு ஒரு கல்யாணம் வேணாம் அத்த."

பங்கஜம் தலையில் அடித்துக்கொண்டார். மாப்பிள்ளையின் தாய் எழுந்தார். எவரையும் ஏசவில்லை. போகும்போது அலமேலுவின் அருகில் குனிந்து, அவிழ்ந்து கிடந்த அவள் கூந்தலை ஒதுக்கிவிட்டார்.

"நீ நல்ல பொண்ணுமா. நாங்கதான் நாலு பேருக்குப் பயந்து வாழறவங்க" என்றார்.

ஆற்றிலிருந்து ஈரத்துணியோடு திரும்பிய தாமோதரனிடம் நடந்ததைப் பங்கஜம் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, என்னையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. தறியின் அருகில் போய் நின்றார். கருமாதி முடிந்ததும் தாம்பூலத்தைத் திருப்பித் தரத் தரகர் வந்தார் என்று கேள்விப்பட்டேன்.

நம்மவர்களிடையே இச்செய்தி பரவியது. ஓர் இளம்பெண் சாவு வீட்டில் துணிந்து சான்று பகர்ந்தாள் என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். அதனை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். நான் எழுதித் தரவில்லை. மகளின் மணத்துக்காகத் தாய் தன் கல்லறையை விட்டுக்கொடுத்தாள். தாயின் பெயருக்காக மகள் தன் மணத்தை விட்டுக்கொடுத்தாள். இருவரும் ஒருவருக்கொருவர் கொடுத்த பொருள் இருவருக்கும் கிடைக்காமற் போயிற்று. இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது? அக்குடும்பம் பின்னர் நம் சபையில் சேர்ந்ததா என்றும் நீங்கள் கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். சேரவில்லை.

தீட்டுக் கழிந்த பின் அவ்வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று நெடுநாள் தயங்கினேன். போனால் அவர்கள் வடு கிளறப்படும். போகாவிட்டால், வேண்டியது கிடைத்ததும் நின்றுவிட்டாள் என்று தெரு நினைக்கும். தெரு நினைப்பது இருக்கட்டும், அலமேலு நினைப்பாள். ஒரு காலையில் போனேன். குடையை வாசலில் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். பங்கஜம் தம் வீட்டு வாசலில் நின்று பார்த்தார்; மழையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தாமோதரன் தறியில் உட்கார்ந்திருந்தார். எதிரே பாதியில் நின்ற அதே அரக்குப் புடவை. மணம் இல்லையென்று ஆனதற்காகப் தறியில் ஏற்றிய பாவு நூலை அறுத்தெறிய முடியுமா? நெய்து முடித்துக் கடைக்குத்தான் கொடுக்க வேண்டும். யாரோ ஒரு பெண் அதை உடுத்திக்கொள்வாள். அவர் என்னைப் பார்த்தார். சினந்து பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு உரிமையுள்ளவர் அவர்.

"ஒக்காருங்கம்மா. அந்தப் பக்கம் ஆள் இல்ல" என்றார்.

ரங்கநாயகியின் இடத்தில் உட்கார்ந்தேன். கரை நாடாவைப் போட்டேன். அவர் தம் நாடாவை ஓட்டினார். சிறிது தொலைவு நெய்ததும் கையை நிறுத்தினார். மீண்டும் தொடங்கினார், மீண்டும் நிறுத்தினார். என் கையின் மந்தத்தால் என்று எண்ணி மன்னிப்புக் கேட்டேன்.

"அது இல்லம்மா. அவ ஒவ்வொரு தடவ நாடா போடும்போதும் ஏதோ சொல்லிக்கினே போடுவா. இத்தன வருசம் அதக் கேட்டுக்கினே ஓட்டிட்டேன். அது இல்லாம எனக்குக் கை ஓடல." மேலும் சொன்னார்: "நீங்க சொல்லிக் குடுத்தது தானே. நீங்க சொல்லுங்க."

நான் கற்றுக்கொடுத்த வேண்டல்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அவற்றுள் எதுவும் நாடா போடும் நேரத்துக்குள் அடங்குவதாக இல்லை. எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அவர் என்னை நம்பாதவர் போலப் பார்த்தார்.

அடுப்படியில் இருந்த அலமேலு ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். என் தோளைத் தொட்டாள். எழுந்து இடம் விட்டேன். தன் கல்யாணத்துக்கென்று ஏற்றிய புடவையின் முன் அவள் உட்கார்ந்தாள். பச்சை நூல் நாடாவை எடுத்தாள். அப்பாவின் கை அசையும் வரை காத்திருந்து, போட்டாள்.

"இந்தப் பக்கம் நீ இரு" என்று தாயைப் போலவே முணுமுணுத்தாள். நாடா திரும்பியபோது, "அந்தப் பக்கம் நீ இரு" என்றாள்.

தாமோதரன் இம்முறை கையை நிறுத்தவில்லை. அங்கே எனக்கு வேலை இருக்கவில்லை. வாசலுக்கு வந்து குடையை எடுத்துக்கொண்டேன். தெருமுனை திரும்பும் வரை அந்தத் தறியின் ஓசை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.